தத்தெடுப்புச் செலவுக்குப் பணம் திரட்டுவது எப்படி?

தத்தெடுக்க முடிவு செய்தவர்கள், தத்தெடுப்பை நடத்தித் தரும் முகமையிடமிருந்து கட்டணப் பட்டியலை வாங்கியதும் முதலில் பார்ப்பது அடியில் இருக்கும் மொத்தத் தொகையைத்தான். அதைப் பார்த்துப் பதறி, அன்று இரவே இணையத்தில் நன்கொடைப் பக்கம் தொடங்கிவிடுகிறவர்கள் உண்டு. ‘நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று பட்டியலை மடித்து வைத்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவசரம். அந்த மொத்தத்தை யாரும் ஒரே நாளில் கேட்கப் போவதில்லை. மாதக்கணக்கில், பல சமயம் ஆண்டுக்கணக்கில், ஏழெட்டு பில்களாகப் பிரிந்துதான் வரும். எந்த பில் எப்போது வரும் என்று தெரிந்துகொண்டு, அந்த வரிசையில் பணம் சேர்ப்பது இந்த வேலையில் பாதி.

மறுபாதி, எதற்காகக் கேட்கிறோம் என்பதில் துளியும் குழப்பம் இல்லாமல் இருப்பது. நீங்கள் திரட்டும் பணம் வக்கீலுக்கும், குடும்ப ஆய்வு (குழந்தையை வளர்க்க உங்கள் குடும்பம் ஏற்றதா என்று பார்ப்பது) செய்யும் சமூகப் பணியாளருக்கும், மொழிபெயர்ப்பாளருக்கும், பயணத்துக்கும், நீதிமன்றத்துக்கும் போகிறது. குழந்தைக்கு விலை கிடையாது, குழந்தையின் சோகக் கதை நன்கொடைக்கு விளம்பரமும் கிடையாது. கீழே சொல்லியிருக்கும் பல விதிகள் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன.

இவ்வளவு செலவு தேவைதானா?

தத்தெடுப்பில் வழிக்கு வழி செலவு மாறும். அரசுப் பராமரிப்பில் இருக்கும் குழந்தையை உள்நாட்டிலேயே தத்தெடுக்கும்போது பல நாடுகளில் கட்டணம் மிகக் குறைவு. வளர்ந்த குழந்தைகள், உடன்பிறந்தவர்களாக வருபவர்கள், சிறப்புத் தேவை உள்ளவர்கள் என்றால் சில நாடுகளில் அரசே உதவித்தொகையும் தருகிறது. உறவினர் குழந்தையையோ வாழ்க்கைத்துணையின் குழந்தையையோ சட்டப்படி தத்தெடுப்பதில் பெரும்பாலும் வக்கீல், நீதிமன்றச் செலவுதான். தனியார் முகமை வழியாகப் பச்சிளங்குழந்தையைத் தத்தெடுப்பதும், வெளிநாட்டிலிருந்து தத்தெடுப்பதும்தான் பெருஞ்செலவு வைப்பவை. செலவைக் குறைப்பதற்காக மட்டும் வழியை மாற்றச் சொல்லவில்லை. ஒன்பது வயதுக் குழந்தையை வளர்க்கும் பக்குவம் வேறு, கைக்குழந்தையை வளர்க்கும் பக்குவம் வேறு. ஆனால் இந்த வழிகளைப் பற்றி விசாரிக்காமலேயே நிதி திரட்டத் தொடங்கினால், யாராவது ஒருவர் நிச்சயம் ‘அது இலவசமாச்சே, ஏன் அங்கே கேட்கவில்லை?’ என்பார். அதற்கு உங்களிடம் நேர்மையான பதில் இருக்க வேண்டும்.

பட்டியலை பில் பில்லாகப் பிரிப்பது

முகமையிடம் எழுத்துப்பூர்வமான கட்டணப் பட்டியல் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நான்கு விவரம் வேண்டும்: எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும், யார் கைக்குப் போகிறது, நடுவில் நின்றுபோனால் திரும்பக் கிடைக்குமா. நான்காவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் அதிகமாக வருந்துவதும் அதற்காகத்தான்.

வெளிநாட்டுத் தத்தெடுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம், பதிவு, பெற்றோர் பயிற்சிக்கு 5. குடும்ப ஆய்வுக்கு 10. ஆவணங்களுக்கு 7. முகமையின் முதன்மைக் கட்டணம், இரண்டு தவணையாக, 40. பயணம், தங்கும் செலவு 22. நீதிமன்றம், வக்கீல் 9. குழந்தை வீட்டுக்கு வந்த பிறகான அறிக்கைகள், குடியுரிமை ஆவணங்கள் 7. இந்த எண்கள் ஓர் உதாரணம்தான், உங்கள் பட்டியலில் விகிதம் வேறாக இருக்கும். ஆனால் கவனியுங்கள்: முதல் மூன்றையும் கூட்டினால் 22தான். உங்கள் முதல் இலக்கு 100 அல்ல, 22.

அந்த 22ஐ வெளியே கேட்காமல் சொந்தப் பணத்திலிருந்து கட்டுங்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. குடும்ப ஆய்வு முடிந்து ஒப்புதல் வரும்வரை உங்களுக்குக் குழந்தை ஒப்படைக்கப்படுமா என்பதே முடிவாகவில்லை. அதற்கு முன் ஊரெல்லாம் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, ஆய்வில் ஏதோ ஒரு காரணத்தால் தள்ளிப்போனால், பணம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். தவிர, தத்தெடுப்புக்கு மானியம் தரும் அறக்கட்டளைகள் பலவும் ஒப்புதல் பெற்ற குடும்ப ஆய்வு அறிக்கை இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்குவதில்லை.

பட்டியலில் இல்லாமல் வந்து நிற்கும் செலவுகள் சில உண்டு. குடும்ப ஆய்வு அறிக்கை, மருத்துவச் சான்று, போலீஸ் சான்று எல்லாவற்றுக்கும் காலாவதித் தேதி உண்டு. காத்திருப்பு நீண்டால் மறுபடி எடுக்க வேண்டும், மறுபடி கட்டணம். ஆவணங்களைப் பொறுத்தவரை, இரு நாடுகளும் 1961ஆம் ஆண்டு அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருந்தால் ஓர் ஆவணத்துக்கு ஓர் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று) போதும். ஏதாவது ஒரு நாடு அதில் இல்லையென்றால் வெளியுறவுத் துறை, தூதரகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் தனிக் கட்டணம், தனிக் கூரியர். பதினைந்து ஆவணங்கள் என்றால் இதுவே ஒரு தொகையாகிவிடும். நீதிமன்றத் தேதி தள்ளிப்போனால் வெளிநாட்டில் தங்கும் நாட்கள் கூடும், தேதி மாற்றக்கூடிய விமான டிக்கெட்டின் விலையும் அதிகம். நாணய மாற்று விகிதம் ஏறினால் எல்லாமே ஏறும். ஆகவே 100க்கு மேல் இன்னொரு 10 முதல் 15 வரை ‘எதிர்பாராதது’ என்ற வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்தக் கட்டணத்தைக் கட்டக் கூடாது?

1993ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி முடிவான ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கை (வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) இதில் தெளிவாக இருக்கிறது. அதன் 4ஆவது பிரிவின்படி, குழந்தையைத் தத்துக் கொடுப்பதற்கான சம்மதம் பணத்தாலோ வேறு கைம்மாறாலோ பெறப்பட்டதாக இருக்கக் கூடாது. 32ஆவது பிரிவு, வெளிநாட்டுத் தத்தெடுப்பில் யாரும் முறையற்ற பண ஆதாயம் அடையக் கூடாது என்கிறது. செலவுகளையும், நியாயமான தொழில்முறைக் கட்டணத்தையும் மட்டுமே வாங்கலாம். ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை 1989இல் தன் 21ஆவது பிரிவில் இதே கருத்தைச் சொல்லியிருக்கிறது.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள்? ‘வேகமாக முடித்துத் தருகிறோம்’ என்று தனிக் கட்டணம் கேட்டால் கட்டாதீர்கள். பயணத்தின்போது கையில் ரொக்கமாகக் கொண்டு வரச் சொல்லி, ரசீது பற்றிப் பேச்சே எடுக்காவிட்டால் நிறுத்திக் கேளுங்கள். பெற்ற தாயிடம் நேரடியாகப் பணம் கொடுக்கச் சொன்னால் உடனே உங்கள் நாட்டின் மத்திய தத்தெடுப்பு அதிகார அமைப்புக்குத் தெரிவியுங்கள். குழந்தையின் நிறம், பால், உடல்நலத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறினால் அது கட்டணமே அல்ல, விலை. தத்தெடுப்பு முடிவதற்கு முன்பே காப்பகத்துக்கு ‘நன்கொடை’ கேட்பதும் சிக்கலானது. அந்தக் காப்பகத்துக்கு உதவ மனமிருந்தால், எல்லாம் சட்டப்படி முடிந்த பிறகு, பெயருடன், ரசீதுடன் கொடுங்கள்.

இப்படியொரு கட்டணம் உங்கள் பட்டியலில் இருப்பது தெரியாமல் நீங்கள் நிதி திரட்டினால், கொடுத்தவர்கள் அத்தனை பேரையும் அந்தத் தவறில் பங்காளிகளாக்குகிறீர்கள். அதனால் பட்டியலைச் சலித்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

முதலில் கைக்கு எட்டும் பணம்

காத்திருக்கும் மாதங்களைச் சேமிப்பாக மாற்ற ஒரு நல்ல வழி இருக்கிறது. குழந்தை வந்த பிறகு உங்கள் மாதச் செலவு எவ்வளவாகும் என்று கணக்கிடுங்கள்: குழந்தைப் பராமரிப்பு, மருத்துவம், பள்ளி, ஒருவர் விடுப்பில் இருந்தால் குறையும் சம்பளம். இப்போதிருந்தே அந்த வரவுசெலவுக்குள் வாழ்ந்து, மிஞ்சும் தொகையைத் தனிக் கணக்கில் போடுங்கள். பணமும் சேரும், பின்னால் சமாளிக்க முடியுமா என்பதும் இப்போதே தெரிந்துவிடும். ஆய்வுக்கு வரும் சமூகப் பணியாளர் உங்கள் நிதிநிலையைக் கேட்கும்போது காட்ட இதைவிட நல்ல சான்று இல்லை.

அலுவலகத்தின் மனிதவளப் பிரிவில் மூன்றைக் கேளுங்கள். தத்தெடுப்பு உதவித்தொகை உண்டா, தத்தெடுப்பு விடுப்பு எத்தனை நாள், அதில் சம்பளம் உண்டா. உதவித்தொகை இருந்தால் அது பெரும்பாலும் தத்தெடுப்பு சட்டப்படி முடிந்த பிறகு, ரசீதுகளைக் காட்டித் திரும்பப் பெறுவதாகத்தான் இருக்கும். வரிச்சலுகை தரும் நாடுகளிலும் அதே கதை: செலவு முதலில், சலுகை பின்னால். இந்த இரண்டையும் வரவில் எழுதுங்கள், ஆனால் வரும் தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்த ஆண்டு வரப்போகும் பணத்தை வைத்து இந்த மாத விமான டிக்கெட்டை வாங்க முடியாது. திட்டங்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். மொத்தக் கணக்கு சரியாக இருக்கும், தேதிக் கணக்கு இடிக்கும்.

மானியத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் முதலில் ஒரு தாய்க்கோப்பு தயார் செய்யுங்கள். குடும்ப ஆய்வு ஒப்புதல், கடந்த இரண்டு மூன்று ஆண்டு வரிக் கணக்கு, சம்பளச் சான்று, முகமையின் கட்டணப் பட்டியல், இதுவரை கட்டியதற்கான ரசீதுகள், இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம், ‘ஏன் தத்தெடுக்கிறோம்’ என்று ஒரு பக்கக் கடிதம். இது கையில் இருந்தால் அடுத்தடுத்த விண்ணப்பங்கள் ஒரு மாலை வேலை. விண்ணப்பிக்கும் முன் கவனிக்க வேண்டியவை: பல அறக்கட்டளைகள் ஏற்கெனவே கட்டி முடித்த பில்லுக்குப் பணம் தராது, இனி வரப்போகும் பில்லுக்குத்தான் தரும். அதுவும் உங்கள் கையில் தராமல் முகமைக்கு நேராக அனுப்பும். ஆண்டுக்குச் சில முறைதான் கூடி முடிவெடுப்பார்கள். எனவே குடும்ப ஆய்வு முடிந்த வாரமே அனுப்பிவிடுங்கள். சில இடங்களில் மத நம்பிக்கை, திருமண நிலை போன்ற நிபந்தனைகள் இருக்கும். பொருந்தாத இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டி ஏமாறாதீர்கள்.

‘நீங்கள் திரட்டும் அளவுக்கு நாங்களும் போடுகிறோம்’ என்று இணை மானியம் தருகிற அமைப்புகளும் உண்டு. இப்படியொன்று கிடைத்தால், மக்களிடம் கேட்கும் நாளை அதற்குப் பிறகு வையுங்கள். கொடுக்கும் ஒவ்வொன்றும் இரண்டாகும் என்று தெரிந்தால் மனிதர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள்.

கடைசியாகக் கடன். தவணையைத் தாங்க முடியுமா என்பதை இன்றைய சம்பளத்தை வைத்துப் பார்க்காமல், விடுப்பில் இருக்கும்போது வரும் சம்பளத்தை வைத்துப் பாருங்கள். கிரெடிட் கார்டில் இழுத்துவிட்டு மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் வட்டி ஏறி, குழந்தைக்குச் செலவிட வேண்டிய பணத்தைத் தின்றுவிடும். பெரிய கடன் குடும்ப ஆய்விலும் கேள்வியாக வரும். உறவினரிடம் கைமாற்று வாங்கினாலும், தொகை, திருப்பித் தரும் தேதி, தத்தெடுப்பு நின்றுபோனால் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உறவு கெடாமல் இருப்பதற்குத்தான் எழுத்து.

மனிதர்களிடம் கேட்பது

இணையப் பக்கத்தை முதலில் திறக்காதீர்கள். முதலில் ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். நேரில் போய்ப் பேசக்கூடியவர்கள் 15 பேர், போனில் பேசக்கூடியவர்கள் 40 பேர், செய்தி அனுப்பக்கூடியவர்கள் மீதி. மேலிருந்து கீழே வாருங்கள். பொதுவான அழைப்பை நூறு பேர் பார்த்துவிட்டு நகர்ந்துபோவார்கள், பெயர் சொல்லிக் கேட்டவர் பதில் சொல்வார்.

நேரில் கேட்கத் தயங்குகிறவர்கள் இப்படி எழுதலாம்:

“சித்தப்பா, வணக்கம். நாங்கள் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருப்பது உங்களுக்குத் தெரியும். குடும்ப ஆய்வு போன வாரம் முடிந்து ஒப்புதல் வந்துவிட்டது. இதுவரையான செலவை எங்கள் சேமிப்பிலிருந்து கட்டிவிட்டோம். அடுத்து முகமைக்குக் கட்ட வேண்டிய முதல் தவணை வருகிற மாதம். அதில் பாதி கையில் இருக்கிறது, மீதிக்கு உறவினர்கள், நண்பர்கள் சிலரிடம் கேட்கிறோம். முடிந்தால் உதவுங்கள். முடியாவிட்டாலும் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டோம், உங்கள் ஆசீர்வாதம் போதும். குழந்தையைப் பற்றிய விவரம் எதையும் எல்லாம் முடியும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் அதை மட்டும் கேட்காதீர்கள். கணக்கு எப்போது கேட்டாலும் காட்டுகிறோம்.”

இதில் இருப்பவை: எந்த பில், எப்போது, நாங்கள் எவ்வளவு போட்டோம், மறுக்க வழி, எல்லை, கணக்கு. இந்த ஆறும் இருந்தால் கடிதம் நான்கு வரியானாலும் போதும்.

கூட்டமாகத் திரட்டும் வழிகளில் உறைத் திட்டம் எளிது. 1 முதல் 100 வரை எண்ணிட்ட நூறு உறைகளை ஒரு பலகையில் ஒட்டுங்கள். ஒருவர் எந்த எண்ணுள்ள உறையை எடுக்கிறாரோ அத்தனை அலகு பணத்தை அதில் வைத்துத் தருவார். நூறும் எடுக்கப்பட்டால் மொத்தம் 5,050. ஆனால் கணக்கைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். 1 முதல் 60 வரை உள்ள உறைகளின் கூட்டுத்தொகை 1,830தான். மீதி 3,220, அதாவது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு, 61 முதல் 100 வரையுள்ள நாற்பது உறைகளில் இருக்கிறது. பலகையை மாட்டிவிட்டுச் சும்மா இருந்தால் சின்ன எண்கள் முதல் வாரத்திலேயே போய்விடும், பெரிய எண்கள் அப்படியே தொங்கும். ஆகவே பலகையை வெளியே காட்டுவதற்கு முன்பே, நேரில் பேசும் அந்த 15 பேரிடம் 80க்கு மேற்பட்ட உறைகளைக் கேட்டு எடுக்க வையுங்கள். மீதிப் பெரிய உறைகளை ‘இரண்டு பேர் சேர்ந்தும் எடுக்கலாம்’ என்று எழுதுங்கள். பலகையில் மேல் வரிசை காலியாக இருப்பதைப் பார்க்கிறவர் 40ஐ எடுக்கத் தயங்க மாட்டார்.

புதிர்ப்படத் திட்டமும் பலருக்குப் பிடிக்கும். 500 துண்டு உள்ள ஜிக்சா புதிர் ஒன்றை வாங்கி, ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று வைத்து, கொடுத்தவர் பெயரைத் துண்டின் பின்பக்கம் எழுதுவது. படத்தை முதலில் முழுதாக அடுக்கி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கவிழ்த்து, பின்பக்கத்தில் எழுதினால் எந்தத் துண்டும் தொலையாது. நுனி மெல்லிய, அழியாத மார்க்கர் பேனா வேண்டும். சாதாரண மைப்பேனா அட்டையில் ஊறிப் பரவிவிடும். எழுதி முடித்ததும் இருபக்கமும் கண்ணாடி உள்ள சட்டகத்தில் போட்டால் படமும் தெரியும், பெயர்களும் தெரியும். தொகையை மட்டும் எழுதாதீர்கள். குழந்தை வளர்ந்து அந்தச் சட்டகத்தைத் திருப்பிப் பார்க்கும்போது தன் வரவுக்காகக் காத்திருந்தவர்களின் பெயர்களைப் பார்க்கட்டும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை அல்ல.

விருந்து, கச்சேரி போன்ற நிகழ்ச்சிகளில் வசூலையும் மிச்சத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். டிக்கெட் 10 என்று வைத்து 80 பேர் வந்தால் வசூல் 800. ஒரு சாப்பாட்டுக்கு 4 வீதம், 100 பேருக்குச் சமைத்ததற்கு 400. அரங்கத்துக்கு 100. அச்சு, பாத்திர வாடகை 40. மிச்சம் 260. அதுவும் நூறு பேருக்குச் சமைத்து எண்பது பேர் வந்ததால்தான் அடி. முன்பதிவை நான்கு நாள் முன்பே மூடி, பணம் கட்டியவர்கள் எண்ணிக்கைக்கு ஐந்து சதவீதம் மட்டும் கூட்டிச் சமைத்திருந்தால் மிச்சம் 324. அரங்கத்தை யாராவது இலவசமாகக் கொடுத்தால் 424. நிகழ்ச்சிக்கு ஆறு வாரம் உழைப்பு தேவை என்பதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். அந்த ஆறு வாரத்தில் நாற்பது பேரிடம் போனில் பேசினால் பெரும்பாலும் அதைவிட அதிகம் கிடைக்கும். பழைய சாமான்களைச் சேர்த்து விற்பதில் முதலீடு கிட்டத்தட்ட இல்லை, எனவே சிறு குழுவுக்கு அதுவே மேல். டி-சர்ட் விற்பதானால் முன்பணம் வாங்கிய எண்ணிக்கைக்கு மட்டும் அச்சிடுங்கள், மிஞ்சிய அளவுகள் வீட்டில்தான் கிடக்கும். குலுக்கல் சீட்டு வேண்டாம். பல நாடுகளில் அது சூதாட்டச் சட்டத்துக்குள் வரும், உரிமம் இல்லாமல் நடத்தினால் வழக்காகும். தத்தெடுக்கப் போகிறவர்கள் போலீஸ் சான்று கொடுக்க வேண்டியவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

இணையப் பக்கம்

பக்கத்தைப் பொதுவில் அறிவிப்பதற்கு முன் நெருங்கியவர்கள் பத்துப் பதினைந்து பேரைக் கொடுக்க வையுங்கள். பூஜ்யத்தில் நிற்கும் பக்கத்தில் முதல் ஆளாகப் போட யாருக்கும் மனம் வராது. இலக்காக 100ஐ எழுதாமல் அடுத்த பில்லை எழுதுங்கள். அது நிறைந்ததும் ரசீதின் படத்தைப் போட்டு (கணக்கு எண், முகவரி, வழக்கு எண் எல்லாவற்றையும் மறைத்து) அடுத்த பில்லுக்கு இலக்கை மாற்றுங்கள்.

எந்தத் தளமானாலும் தொடங்குமுன் பார்க்க வேண்டியவை: தளக் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம் இரண்டும் சேர்த்து எவ்வளவு பிடிப்பார்கள், பணம் எத்தனை நாளில் வங்கிக்கு வரும், இலக்கை எட்டாவிட்டாலும் சேர்ந்ததைத் தருவார்களா, வெளிநாட்டிலிருந்து கொடுக்கலாமா. சில நாடுகளில் வெளிநாட்டுப் பணத்துக்குத் தனிச் சட்டம் உண்டு. வந்த தொகையை வருமானமாகப் பார்ப்பார்களா, பரிசாகப் பார்ப்பார்களா என்பதை ஒரு வரி ஆலோசகரிடம் பக்கம் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தனிநபருக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பெரும்பாலும் கொடுத்தவருக்கு வரிவிலக்கு கிடைக்காது. ‘வரிவிலக்கு உண்டு’ என்று தெரியாமல் எழுதிவிட்டால் அது பொய் வாக்குறுதியாகிவிடும்.

இனி முக்கியமானது. குழந்தையின் படம் வேண்டாம். முகத்தை மங்கலாக்கிய படமும் வேண்டாம். பெயர், வயது, காப்பகம், உடல்நிலை, எப்படிக் கைவிடப்பட்டது என்ற விவரம் எதுவும் வேண்டாம். தத்தெடுப்பு சட்டப்படி முடியாதவரை அந்தக் குழந்தையைப் பற்றி வெளியிடப் பொதுவாக உங்களுக்கு உரிமையே இல்லை. முகமை ஒப்பந்தத்திலும் இதற்குத் தடை இருக்கும், மீறினால் விண்ணப்பமே நின்றுபோகலாம். சட்டம் அனுமதித்தாலும் செய்யக் கூடாது என்றே சொல்வோம். இணையத்தில் போட்டது எங்கும் போகாது. பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை தன் பெயரைத் தேடும்போது, தன் பிறப்பைப் பற்றித் தனக்கே இன்னும் சொல்லப்படாத ஒன்றை ஊரெல்லாம் படித்து அழுது காசு போட்டிருக்கிறது என்று தெரிந்தால் அதைச் சரிசெய்ய உங்களால் முடியாது. ‘அனாதைக் குழந்தையைக் காப்பாற்ற உதவுங்கள்’ என்ற தலைப்பு அதிகப் பணம் கொண்டுவரலாம். ‘எங்கள் தத்தெடுப்பின் சட்ட, பயணச் செலவுக்கு உதவி வேண்டும்’ என்பது அதைவிடக் குறைவாகவே கொண்டுவரும். இரண்டாவதையே எழுதுங்கள். படம் வேண்டுமென்றால் உங்கள் படம், தயாராகிக்கொண்டிருக்கும் அறையின் படம் போதும்.

‘காசு கொடுத்துக் குழந்தை வாங்குறீங்களா?’

இந்தக் கேள்வி வரும். பெரும்பாலும் நெருங்கியவர்களிடமிருந்தே வரும். கோபப்படாமல் பட்டியலைக் காட்டுங்கள்: “பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கட்டுகிற பணம் குழந்தையின் விலையா அத்தை? இதுவும் அப்படித்தான். வக்கீலுக்கு இவ்வளவு, மொழிபெயர்ப்புக்கு இவ்வளவு, விமானத்துக்கு இவ்வளவு.” பட்டியலில் எல்லா வரிக்கும் பெறுபவர் பெயர் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இல்லாவிட்டால் கேட்டவர் கேட்டது சரிதான், நீங்கள் முகமையிடம் போய்க் கேட்க வேண்டும்.

இன்னொன்று, பணம் கொடுத்த சிலர் உரிமையும் கொண்டாடுவார்கள். படம் அனுப்பு, எந்த ஊர்க் குழந்தை, பெற்றவள் யார் என்று கேட்பார்கள். “அது பிள்ளையோட விஷயம் அண்ணே, வளர்ந்து அதுவே சொல்லணும்னு நினைச்சா சொல்லட்டும்” என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். ஒருவருக்குச் சொல்லி மற்றவருக்கு மறைத்தால் சங்கடம் அங்கேதான் முளைக்கும்.

கணக்கு

தத்தெடுப்புக்கென்றே தனி வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவு அதில் ஒரு காசும் கலக்கக் கூடாது. ஒரு எக்செல் தாளில் தேதி, கொடுத்தவர், வந்த வழி, மொத்தத் தொகை, தளம் பிடித்தது, கைக்கு வந்தது, எந்த பில்லுக்குப் போனது, நன்றி சொன்னோமா என்று எட்டு நெடுவரிசை. ரொக்கம் வாங்கினால் அன்றைக்கே எழுதி, அடுத்த நாளே வங்கியில் போடுங்கள். கணக்கைப் பார்க்க வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரை வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மாதம் ஒரு முறை அவர் தாளையும் வங்கி அறிக்கையையும் ஒத்துப் பார்த்தால் போதும். கணக்கில் திடீரென்று பெருந்தொகை வந்தால் ஆய்வு அதிகாரியும் மானியம் தருபவரும் ‘இது எங்கிருந்து?’ என்பார்கள். அந்தத் தாளே பதில்.

நன்றியைத் தள்ளிப்போடாதீர்கள். பணம் வந்து ஒரு வாரத்துக்குள் பெயர் சொல்லி இரண்டு வரி. மூன்று மாதம் கழித்து எழுதும் நீண்ட கடிதத்தைவிட அது மேல்.

நின்றுபோனால்

நிற்கக்கூடும். ஒரு நாடு திடீரென வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்தலாம், பெற்ற தாய் மனம் மாறலாம் (அது அவருடைய உரிமை), முகமையே மூடப்படலாம், உங்கள் உடல்நிலை மாறலாம். அப்போது பணத்தை என்ன செய்வது என்று யோசிக்க மனம் இடம் கொடுக்காது. அதனால் பக்கம் திறக்கும் நாளிலேயே எழுதிவிடுங்கள்: “ஏற்கெனவே கட்டிய கட்டணத்தைத் திருப்பித் தர இயலாது. மீதிப் பணத்தை 18 மாதத்துக்குள் வேறொரு தத்தெடுப்பு முயற்சிக்குப் பயன்படுத்துவோம். அப்படியொரு முயற்சி இல்லையென்றால், கேட்பவர்களுக்கு அவரவர் பங்கின்படி திருப்பித் தருவோம், மற்றதைத் தத்தெடுப்பு மானியம் தரும் ஒரு பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுப்போம்.” காலக்கெடுவை உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், கெடு இல்லாமல் விடாதீர்கள். கட்டணப் பட்டியலில் ‘திரும்பக் கிடைக்கும்’ என்று குறித்த வரிகளை இந்த நேரத்தில்தான் எடுத்துப் பார்ப்பீர்கள். திரும்பக் கிடைக்காத பெரிய தவணையை நீதிமன்றத் தேதிக்கும் குழந்தை ஒதுக்கீட்டுக்கும் முடிந்தவரை அருகில் கட்டும்படி முகமையிடம் முன்கூட்டியே பேசி எழுதி வாங்குவது நல்லது.

பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு

வந்த வாரமே எல்லாச் செலவும் முடிந்துவிட்டது என்று பலர் கணக்கை மூடிவிடுகிறார்கள். முழு மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசிப் பட்டியலைச் சரிபார்ப்பது, தேவைப்பட்டால் பேச்சுப் பயிற்சி, மனநல ஆலோசனை இவையெல்லாம் முதல் ஆறு மாதத்தில் வரும். குழந்தை வந்த நாடு கேட்கும் தொடர் அறிக்கைகள் சில சமயம் பல ஆண்டுகள் நீளும். ஒவ்வொன்றுக்கும் சமூகப் பணியாளர் கட்டணம், மொழிபெயர்ப்பு, முத்திரை, கூரியர் உண்டு. அறிக்கை அனுப்பத் தவறினால் அந்த நாட்டிலிருந்து அடுத்துத் தத்தெடுக்கக் காத்திருக்கும் குடும்பங்களும் பாதிக்கப்படலாம். எனவே எத்தனை அறிக்கை பாக்கி, ஒன்றுக்கு எவ்வளவு என்று பெருக்கி அந்தத் தொகையைத் தனியே ஒதுக்குங்கள்.

அதன் பிறகு கொடுத்தவர்கள் எல்லாருக்கும் ஒரு பக்க வரவுசெலவு அறிக்கை அனுப்புங்கள். மொத்தம் வந்தது, எந்தெந்த பில்லுக்குப் போனது, எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம் என்ற மூன்று விவரம் போதும். அடுத்து இணையப் பக்கத்தை மூடி, தளத்துக்கு எழுதி அதிலிருந்த பதிவுகளையும் படங்களையும் நீக்கச் சொல்லுங்கள், உறவினர்கள் பகிர்ந்தவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கை மட்டும் கடைசி அறிக்கைக்கான கட்டணம் போகும்வரை வைத்திருங்கள்.